தொலைந்த கிட்டாரும் உடன்படிக்கைப் பெட்டியும்: ஒரு பழம்பொருள் அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

1957-ல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் இயங்கிவந்த கிப்சன் நிறுவனம், மூன்று எலெக்ட்ரிக் கிட்டார் வடிவங்களுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. டெட் மெக்கார்ட்டி அப்போது அதன் தலைவர். கிட்டார் என்றால் இடுப்பு வளைந்துதான் இருக்கும் என்ற பழக்கத்தை அந்த மூன்று வடிவங்களும் உடைத்துப் போட்டன. ஒன்றின் பெயர் ஃப்ளையிங் வி, இன்னொன்று எக்ஸ்ப்ளோரர், மூன்றாவது மொடேர்ன். 1958 ஜனவரியில் மூன்றுக்கும் காப்புரிமை கிடைத்தது.

ஆலையிலிருந்து வெளியே போன சரக்கைக் குறித்துவைத்த பேரேடு இன்றைக்கும் இருக்கிறது. அதன்படி 1958, 1959 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 98 ஃப்ளையிங் வி கிட்டார்கள் போயிருக்கின்றன. கொரீனா மரத்தில் செய்த இன்னும் 22 கிட்டார்கள், பெயர் சரியாகச் சொல்லாத ஒரு சுருக்கக் குறிப்போடு பதிவாகியுள்ளன. அவை எக்ஸ்ப்ளோரர் என்பதே பெரும்பாலோர் முடிவு. மொடேர்ன் என்ற பெயர் எங்குமே இல்லை. படம் இருக்கிறது, காப்புரிமை இருக்கிறது, பொருளைத்தான் காணோம். ஐம்பதுகளில் செய்த மொடேர்ன் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு கிட்டார்கூட இன்றுவரை கிடைக்கவில்லை. 1982-ல் கிப்சனே பழைய வடிவத்தை வைத்துப் புதிதாகச் செய்து விற்றது. ஆனாலும் தேடுகிறவர்கள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதே நிலையில் இருக்கும் இன்னொரு பொருளைப் பாருங்கள். பத்துக் கட்டளைகளைப் பொறித்த கற்பலகைகளை இஸ்ரவேலர் வைத்திருந்த புனிதப் பெட்டிதான் உடன்படிக்கைப் பெட்டி. விவிலியத்தின் யாத்திராகமம் 25-ஆம் அதிகாரம் அதற்கு அளவு தருகிறது: சீத்திம் மரம், இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், ஒன்றரை முழ உயரம், உள்ளும் புறமும் பசும்பொன் தகடு, மேலே இரண்டு கேருபீன்கள் (சிறகுள்ள தேவதூதர் உருவங்கள்), தூக்கிச் செல்லத் தண்டுகள். ஒரு தச்சர் இதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடலாம், அவ்வளவு துல்லியம். பொருள் மட்டும் இல்லை.

காகிதத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் ஒன்றை, "இதோ, என்னிடம் இருக்கிறது" என்று ஒருவர் நாளைக்கே கொண்டுவந்து வைத்தால் எப்படி நம்புவது? அதற்கு வல்லுநர்கள் முதலில் கேட்பது பொருளின் கைமாறிய வரலாற்றைத்தான். செய்தவர் கையை விட்டுக் கிளம்பிய நாள்முதல் இன்றுவரை அது யார் யாரிடம் இருந்தது, எப்போது, எப்படிக் கைமாறியது, அதற்கு என்ன சான்று என்பதே அந்த வரலாறு. நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கிரயமாகப் பார்த்து, வில்லங்கச் சான்றும் எடுத்துப் பார்ப்போமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். நடுவில் ஒரு பத்திரம் இல்லையென்றால் வக்கீல் யோசிப்பார். முதல் பத்திரமே இல்லையென்றால் கையை விரித்துவிடுவார்.

இந்த வரலாறு சரியாக அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அருமையான உதாரணம் பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் பேஸ் கிட்டார். 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் அதை வாங்கினார். பீட்டில்ஸ் குழுவின் ஆரம்பகாலப் பதிவுகளில் ஒலிப்பது அதுதான். பிறகு காணாமல் போயிற்று. 1969-ஐ ஒட்டி எங்கோ தொலைந்தது என்றே வெகுகாலம் நம்பினார்கள். ஹாஃப்னர் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரும் இரண்டு பத்திரிகையாளர்களும் சேர்ந்து, தெரிந்தவர்கள் தகவல் சொல்லுங்கள் என்று 2023-ல் பொதுவில் கேட்டார்கள். அப்போதுதான், 1972 அக்டோபரில் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் நிறுத்தியிருந்த வேனிலிருந்து அது திருடப்பட்டது என்று மெக்கார்ட்னியோடு வேலை செய்த ஒலிப் பொறியாளர் ஒருவர் மூலம் தெரியவந்தது. தேதியும் இடமும் உறுதியானதும் மற்றவை வேகமாக நடந்தன. திருடியவர் அதை அந்தப் பகுதியில் பப் நடத்தியவரிடம் கொடுத்திருக்கிறார். அந்தக் குடும்பத்துக்குள்ளேயே அது கைமாறி, கடைசியில் ஒரு வீட்டின் மேல்மாடப் பரணில் கிடந்திருக்கிறது. ஹாஃப்னர் நிறுவனம் ஆராய்ந்து அதுவேதான் என்று உறுதி சொன்னது. 2024 பிப்ரவரியில் செய்தி வெளியானது.

பரணில் பழைய பேஸ் கிட்டார் கிடைத்தது மட்டும் இங்கே சான்றாகிவிடாது. அந்தக் காலத்து ஹாஃப்னர்கள் உலகில் பல இருக்கின்றன. ஹாம்பர்க், வேன், பப், குடும்பம், பரண் என்று ஒவ்வொரு கையும் அடுத்த கையைத் தொடுகிறது என்பதால்தான் இது நிற்கிறது.

சில சமயம் ஆவணமோ சாட்சியோ இல்லாத இடத்தில் மரமே சாட்சி சொல்லும். கனடாவின் ராண்டி பேக்மேன், புகழ்பெற்ற ராக் இசைக்கலைஞர், இளம் வயதில் 400 டாலர் சேர்த்து வாங்கிய ஆரஞ்சு நிற 1957 கிரெட்ஷ் கிட்டாரை 1976-ல் டொராண்டோவில் ஒரு ஹோட்டலில் பறிகொடுத்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் தேடினார். 2020-ல் அவருடைய ரசிகர் ஒருவர், முகங்களை அடையாளம் காணும் மென்பொருளைக் கிட்டார்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு, இணையத்தில் கிடைத்த கிரெட்ஷ் படங்களை எல்லாம் பழைய வீடியோ ஒன்றில் தெரியும் கிட்டாரோடு ஒப்பிட்டார். முகப்பு மரத்தில் ஒரு சிறிய கரும்புள்ளி. அதே இடத்தில் அதே புள்ளியோடு ஜப்பானிய இசைக்கலைஞர் ஒருவர் வாசிக்கும் வீடியோ கிடைத்தது. 2022 ஜூலை 1 அன்று டோக்கியோவில் அந்தக் கிட்டார் பேக்மேனின் கைக்கு வந்தது. பதிலுக்கு, அதே ஆண்டின் அதே மாடல் கிட்டார் ஒன்றை அவர் கொடுத்தார். மர ரேகை மனிதக் கைரேகைக்குச் சமம் என்றே சொல்லலாம். ஒரு பலகையின் ரேகை இன்னொன்றில் வராது.

அப்புறம், கள்ளப் பொருள் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். கிட்டார் உலகில் அதிகம் போலி செய்யப்படுவது, கிப்சன் 1958 முதல் 1960 வரை செய்த, நடுவில் வெளிர்ந்து ஓரம் இருண்டு போகும் சன்பர்ஸ்ட் நிற லெஸ் பால் ஸ்டாண்டர்ட். அன்றைக்குச் சரியாக விற்காததால் நிறுத்திவிட்டார்கள். மொத்தம் சுமார் 1,500 என்பது பொதுவான கணக்கு. அறுபதுகளின் நடுவில் எரிக் கிளாப்டன் போன்றவர்கள் வாசித்த பிறகு அதன் ஒலிக்கு மவுசு ஏறியது. இன்று ஒன்று பல லட்சம் டாலர். (கிளாப்டனின் கிட்டார் 1966-ல் திருடு போனது, இன்னும் கிடைக்கவில்லை.) விலை இப்படி ஏறினால் போலி வராமல் இருக்குமா?

ஒரு 59 லெஸ் பாலை வல்லுநர் எப்படிப் பார்க்கிறார்? தலைப்பகுதியின் பின்னால் மையால் அச்சிட்ட எண் இருக்கும். முதல் இலக்கம் ஆண்டு, 1959 என்றால் 9. ஆனால் ரப்பர் முத்திரை யாரும் செய்யலாம் என்பதால் அதோடு நிறுத்தமாட்டார். பின்மூடியைத் திறந்து, ஒலி கூட்டிக் குறைக்கும் திருகிகளுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ என்ற மின்பாகங்களின் மேல் பொறித்த எண்ணைப் பார்ப்பார். 1345912 என்று இருந்தால், 134 என்பது செண்ட்ராலாப் என்ற தயாரிப்பாளர், 59 ஆண்டு, 12 அந்த ஆண்டின் பன்னிரண்டாம் வாரம். இதிலிருந்து ஒரு விஷயம்தான் உறுதியாகத் தெரியும்: பாட் மாற்றப்படாமல் இருந்தால், கிட்டார் அந்த வாரத்துக்கு முந்தையதாக இருக்க முடியாது. பிந்தையதாக இருக்கலாம். பழம்பொருள் ஆராய்ச்சியில் தொடக்கக்காரர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தத் தர்க்கம்தான். ஒரு பாகத்தின் வயது, முழுப் பொருளின் வயது ஆகிவிடாது. அது ஓர் எல்லையை மட்டும் காட்டும்.

பிறகு, கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பிக்கப்பைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வளையத்தைக் கழற்றுவார். அந்தக் காலத்துச் சிவப்புச் சாயம் வெயிலில் வெளுத்துவிடும். முகப்பு தேன் நிறமாக மாறியிருந்தாலும், வெளிச்சமே படாத வளையத்துக்கு அடியில் செர்ரிச் சிவப்பு அப்படியே இருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே சீராக வெளுத்திருந்தால் சந்தேகம்தான். புற ஊதா விளக்கைக் காட்டினால் பழைய நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் மஞ்சள் கலந்த பச்சையாக மினுங்கும். பின்னால் பூசிய இடம் வேறு மாதிரித் தெரியும். கடைசியாக விரிசல்கள். வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டு வார்னிஷ் வெடிக்கும்போது வரும் நுண்கோடுகள் தம் போக்கில் ஓடும். பிளேடால் கீறியவை நேராக, ஒரே ஆழத்தில் நிற்கும்.

இப்போது இதே விரிசலை வேறோர் இடத்தில் பார்ப்போம். வாஷிங்டனில் 2017-ல் திறந்த விவிலிய அருங்காட்சியகம், சாக்கடல் சுருள்களின் துண்டுகள் என்று 16 சிறு துண்டுகளை வைத்திருந்தது. அசல் சுருள்கள் சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய யூத சமயக் கையெழுத்துப் பிரதிகள்; 1946-47 முதல் சாக்கடலை ஒட்டிய கும்ரான் குகைகளில் கிடைத்தவை, விவிலிய ஆய்வின் மிகப் பெரிய புதையல். இந்தத் துண்டுகளோ 2002-க்குப் பிறகு சந்தையில் திடீரென்று தலைகாட்டிய கூட்டத்தைச் சேர்ந்தவை. 2018-ல் ஐந்து துண்டுகள் விலக்கப்பட்டன. 2020 மார்ச்சில் வெளியான ஆய்வு பதினாறுமே போலி என்றது. நுண்ணோக்கியில் என்ன தெரிந்தது என்பது அழகான பாடம். தோல் நிஜமாகவே பழையது. எழுதும்போதே அதில் விரிசல் இருந்திருக்கிறது. எப்படித் தெரியும்? மை அந்த வெடிப்புகளுக்குள் வழிந்து இறங்கியிருந்தது. நல்ல தோலில் எழுதி இரண்டாயிரம் ஆண்டுகளில் அது வெடித்திருந்தால், எழுத்துதான் வெடிப்போடு சேர்ந்து பிளந்திருக்க வேண்டும். அதோடு, அசல் சுருள்களில் பெரும்பாலானவை பதப்படுத்திய மெல்லிய வரைதோல். இவை தடித்த, மேடுபள்ளமான தோல். பழைய காலணியிலிருந்துகூட வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

பழைய பலகையில் புதிய சாயம், பழைய தோலில் புதிய மை. வழி ஒன்றேதான்.

பொருள் சோதனையில் தேறிவிட்டாலும் கைமாறிய வரலாறு காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2012-ல் ஹார்வர்ட் பேராசிரியர் கேரன் கிங், பழைய எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் மொழியில் எழுதிய சிறு பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு ஒன்றை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இயேசு "என் மனைவி" என்று சொல்வதாக அதில் ஒரு வரி. சோதனையில் பாப்பிரஸ் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது என்றே வந்தது. ஆனால் அதில் உள்ள வரிகள், இணையத்தில் பரவியிருந்த தோமா நற்செய்திப் பதிப்பு ஒன்றின் அச்சுப்பிழையைக்கூட விடாமல் பின்பற்றியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். 2016-ல் பத்திரிகையாளர் ஒருவர் துண்டின் உரிமையாளரைத் தேடிப் போய், அவர் கொடுத்த கொள்முதல் கதையையும் கடிதங்களையும் சரிபார்த்தார். எதுவும் நிற்கவில்லை. போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கிங்கே ஒப்புக்கொண்டார். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் முன்பே உரிமையாளரின் கதையைச் சரிபார்த்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை கடைசியில் நடந்தது.

சங்கிலி பின்னோக்கி எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். டூரின் நகரில் இருக்கும், இயேசுவின் உடலைச் சுற்றியது என்று போற்றப்படும் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1578 முதல் அது டூரினில் இருக்கிறது. அதற்கு முன் பிரான்ஸ். பின்னே போனால் 1350-களில் லிரே என்ற சிற்றூரில் போய் நிற்கிறது. அதற்கு முந்தைய 1,300 ஆண்டுகளுக்கு இதே துணிதான் என்று உறுதியாகக் காட்டும் ஆவணம் இல்லை. 1389-லேயே அந்தப் பகுதி ஆயர் பியேர் தார்சி, இது ஓர் ஓவியரின் கைவேலை என்று எழுதியிருக்கிறார். 1988-ல் ஆக்ஸ்ஃபோர்ட், சூரிக், அரிசோனா ஆகிய மூன்று ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே கார்பன் சோதனை செய்தன. வந்த விடை 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்ட காலம். சோதனைக்கு வெட்டிய பகுதி சரியில்லை என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, ஆவணச் சங்கிலி அறுந்த இடமும் கார்பன் காட்டிய காலமும் ஒன்றாக வந்து நிற்பதுதான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகள் ஒரே இடத்தில் முடிந்தால் அதற்குக் கனம் அதிகம்.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் புனித தோமாவின் கல்லறையும் இத்தகைய சங்கிலிக் கேள்விதான். மயிலாப்பூரில் அவர் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு; எலும்புகள் எடெசா நகருக்குப் போனதாக நான்காம் நூற்றாண்டுச் சிரியக் கவிஞர் எஃப்ரேம் பாடுகிறார்; கியோஸ் தீவிலிருந்து 1258-ல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்குப் போயின என்பது அடுத்த கட்டம். பின்பாதி ஓரளவு பதிவாகியிருக்கிறது. முதல் இரண்டு நூற்றாண்டுகளை மரபுதான் தாங்குகிறது. சாந்தோமில் முழந்தாளிட்டு வேண்டுகிறவருக்கு இந்தச் சங்கிலி தேவையில்லை, அதை நான் மதிக்கிறேன். வரலாற்றாசிரியர் எழுதும்போது மட்டும் அது தேவைப்படுகிறது.

உடன்படிக்கைப் பெட்டிக்கு வருவோம். கி.மு. 587 அல்லது 586-ல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. பாபிலோனியர் கொண்டுபோன பொருள்களை இராஜாக்கள் இரண்டாம் புத்தகத்தின் கடைசி அதிகாரம் ஒவ்வொன்றாகச் சொல்கிறது: வெண்கலத் தூண்கள், செப்புச் சட்டிகள், சாம்பல் கரண்டிகள் வரை. பெட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கரண்டியை எழுதியவர் பெட்டியை விட்டிருப்பாரா? அதற்கு முன்பே அது அங்கே இல்லாமல் போயிருக்கலாம், அல்லது மறைத்திருக்கலாம். எரேமியா ஒரு மலைக் குகையில் ஒளித்துவைத்தார் என்று மக்கபேயர் இரண்டாம் நூல் சொல்கிறது. பின்னர் திரும்பக் கட்டிய இரண்டாம் ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த இடம் வெறுமையாக இருந்தது என்று யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதுகிறார். கி.பி. 70-ல் ரோமானியர் கொள்ளையிட்டவற்றைக் காட்டும் ரோமின் தீத்துஸ் வளைவில் குத்துவிளக்கு இருக்கிறது, பெட்டி இல்லை. எத்தியோப்பியாவின் அக்சும் நகரில், சீயோன் மரியாள் ஆலயத்தில் அது இருப்பதாக அந்நாட்டுத் திருச்சபை நம்புகிறது. காவலாகிய ஒரே ஒரு துறவி தவிர வேறு யாரும் அதைப் பார்க்க அனுமதி இல்லை. பார்க்கவே முடியாத பொருளைச் சோதிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆய்வு அந்த வாசலோடு நின்றுவிடுகிறது.

பேராசையோடு தேடினால் சேதம் பொருளுக்கு மட்டும் இல்லை. 1899 முதல் 1902 வரை, பெட்டி அயர்லாந்தின் தாரா குன்றில் புதைந்திருக்கிறது என்று நம்பிய ஒரு குழு அங்கே தோண்டியது. அயர்லாந்தின் பண்டைய அரசர்களின் இடம் அது. கவிஞர் யேட்ஸ் உள்ளிட்டோர் பகிரங்கமாக எதிர்த்தார்கள். பெட்டி கிடைக்கவில்லை, குன்றின் ஒரு பகுதி மண்ணடுக்குகள் மட்டும் சிதைந்தன. 1909-ல் மொண்டேகு பார்க்கர் என்ற ஆங்கிலேயர், எசேக்கியேல் நூலில் ரகசியக் குறிப்பு இருப்பதாகச் சொன்ன ஒரு ஃபின்லாந்துக்காரரை நம்பி எருசலேமில் தோண்டத் தொடங்கினார். 1911 ஏப்ரலில், லஞ்சம் கொடுத்து இரவோடு இரவாக, முஸ்லிம்களின் புனிதத் தலமான பாறைக் குவிமாட வளாகத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்து ஊரே கொந்தளிக்க, யாஃபா துறைமுகத்துக்கு ஓடிப் படகேறித் தப்பினார்கள். அந்தத் தோண்டலில் மிஞ்சிய ஒரே நன்மை, உடனிருந்த வின்சென்ட் என்ற டொமினிக்கன் துறவி பழைய நீர்ச்சுரங்கங்களை அளந்து வரைந்து வைத்ததுதான். பொருள் மண்ணில் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதும் அதன் வரலாற்றின் ஒரு பகுதி. அவசரமாகத் தோண்டினால் அது திரும்ப வராது.

கிட்டாரிலும் இந்தச் சேதம் உண்டு. ஐம்பதுகளின் தங்கநிற லெஸ் பால்களைச் சுரண்டி, சன்பர்ஸ்ட் சாயம் பூசி மாற்றியிருக்கிறார்கள். அசல் பிக்கப்களைத் தனியாகக் கழற்றி விற்றிருக்கிறார்கள். ஒரு நல்ல 1954 கிட்டார் அழிந்து, அரைகுறையான ஒரு 1959 பிறக்கிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

சரி, பழைய கிட்டார் ஒன்று உங்கள் பார்வைக்கு வந்தால் என்ன செய்வது? விற்பவருக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள். அவருக்கு முன்னால் இருந்தவரையும் கேளுங்கள். பில், பழுதுபார்த்த ரசீது, யாரோ மேடையில் வாசிக்கும் மங்கலான புகைப்படம், எதுவானாலும் கேட்டு வாங்குங்கள். மூடியைத் திறந்து பார்க்க விடாதவரிடம் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். தொல்பொருள் என்றால் கேள்வி இன்னும் கடுமை. கடத்தலைத் தடுக்க யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த ஆண்டு 1970. அதற்கு முன்பே பொருள் தன் நாட்டை விட்டு முறையாக வெளியேறியது என்பதற்கான ஆவணத்தைப் பல பெரிய அருங்காட்சியகங்கள் கேட்கின்றன. "தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது" என்பது ஆவணம் ஆகாது.

உங்களிடமே ஒரு கிட்டார் இருந்தால், அது பழையதோ புதியதோ, இன்றைக்கே சீரியல் எண்ணையும் முகப்பின் மர ரேகையையும் நல்ல வெளிச்சத்தில் கிட்ட இருந்து படம் எடுங்கள். வாங்கிய பில்லையும் படம் பிடித்து, எல்லாவற்றையும் கிட்டார் இருக்கும் பெட்டியில் வைக்காமல் வேறோர் இடத்தில் வையுங்கள்.